மலையேறிய கேபிள், ஏறாத தமிழ்

கேரளத்தின் எல்லைத் தமிழர்களைத் தொழில்நுட்பம் எட்டிவிட்டது. அவர்கள் மொழியை அது எட்டுமா என்பது, சம்பளத்துக்கு நிரல் எழுதுபவர்களைவிடப் பித்துப் பிடித்து எழுதுபவர்களின் கையில்தான் இருக்கிறது.

2015 ஜனவரியில் இடுக்கி மாவட்டத்துக்கு ஒரு பெருமை கிடைத்தது. கிராமப் பஞ்சாயத்துகளைக் கண்ணாடி இழைக் கேபிளால் இணைக்கும் தேசியத் திட்டத்தில், இந்தியாவிலேயே முதலில் இணைந்த மாவட்டம் என்று அது அறிவிக்கப்பட்டது. ரயில் பாதையே இல்லாத மலை மாவட்டம் சமவெளிகளை முந்திக்கொண்டதில் எல்லோருக்கும் பூரிப்பு.

ஐந்தரை ஆண்டு கழித்து, 2020 ஆகஸ்ட் 6-ந்தேதி இரவு, அதே மாவட்டத்தில் மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர் இறந்தார்கள். நால்வரின் உடல்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. இறந்தவர்களில் பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு. சரிவு நடந்தது இரவில். வெளியுலகுக்குத் தெரிந்தது மறுநாள் காலையில். விடாத மழையில் மின்சாரம் போயிருந்தது. மின்சாரம் போனதால் கைபேசிக் கோபுரமும் ஊமையாகிவிட்டிருந்தது. தப்பியவர்களின் சட்டைப்பையில் கைபேசி இருந்தது. அதனால் யாரையும் கூப்பிட முடியவில்லை.

இந்த இரண்டு தேதிகளையும் அருகருகே வைக்காமல் கேரள எல்லையில் தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசுவது நேர்மையாக இருக்காது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 5 லட்சம் பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரண்டு மாவட்டங்களில் இருக்கிறார்கள். ஒன்று, இடுக்கி: தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை தாலுகாக்களின் தேயிலை, ஏலக்காய்த் தோட்டங்கள். மற்றொன்று, பாலக்காடு: அக்கிரகாரங்கள் ஒருபுறம், சித்தூர் தாலுகாவின் கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் என்று பொள்ளாச்சியை ஒட்டிய விவசாய ஊர்கள் மறுபுறம். 1956-ல் மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தபோது கன்னியாகுமரியும் செங்கோட்டையும் தமிழ்நாட்டுக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. அன்று போட்ட கோட்டின் மேல்தான் இன்று கேபிள் ஓடுகிறது.

தேயிலைக்கு முதல் மரியாதை

இந்த மலைகளுக்கு இயந்திரம் புதிதல்ல. 1902-ல் மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908-ல் அது சிறு ரயிலாக மாறியது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிநாயக்கனூர் போயின. மதுரைச் சீமையில் பல ஊர்கள் ரயிலைக் கண்ணால் பார்த்திராத காலம் அது. 1924 வெள்ளம் அந்த ரயிலைத் துடைத்துக்கொண்டு போயிற்று. மலையாளிகள் இன்றும் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று சொல்வது இதைத்தான். அதன்பின் மூணாறில் ரயில் கூவவில்லை.

1940-ல் மூணாறுக்குக் கீழே பள்ளிவாசலில் கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அந்த மின்சாரத்தை நம்பி ஆலுவாய் பக்கம் தொழிற்சாலைகள் எழுந்தன; 1943-ல் அலுமினியம் உருக்கத் தொடங்கினார்கள். 1976-ல் இடுக்கி அணையின் மின் நிலையம் 780 மெகாவாட் திட்டமாக வந்தது. கேரளத்துக்கு வெளிச்சம் தரும் மாவட்டம் இது. மழைக்காலத்தில் முதலில் இருட்டாகும் இடங்களும் இதே மாவட்டத்தின் தோட்டங்கள்தான்.

வரிசை எப்போதும் ஒன்றுதான். சரக்குக்கு வண்டி முதலில் வருகிறது. ஆலைக்கு மின்சாரம் அடுத்து வருகிறது. கொழுந்து கிள்ளுபவருக்கு வேண்டியது கடைசியில் வருகிறது. இதில் யாருடைய தனிப்பட்ட கெட்ட எண்ணத்தையும் தேட வேண்டியதில்லை. இயந்திரத்தைக் கொண்டுவர முதல் போடுபவர், முதல் திரும்பி வரும் இடத்தில்தான் அதை நிறுத்துவார். கணினியும் இணையமும் இதற்கு விதிவிலக்கு என்று கடந்த முப்பது வருடங்களாகச் சொல்லப்பட்டுவருகிறது. சரக்கு தகவல்தான், அதை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். எடுத்துக்கொள்ளலாம்தான். ஆனால் அது என்ன மொழியில் இருக்கிறது?

பெயர் ஒன்று, ஆள் மூன்று

கேரளத்தின் 1969-ம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் பகுதி அரசு அலுவலகங்களோடு தங்கள் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து நடத்தலாம் என்கிறது. பதிலும் அதே மொழியில் வர வேண்டும். பெருந்தன்மையான சட்டம். தாசில்தாருக்குத் தமிழில் மனு எழுதிப்போடும் உரிமை தேவிகுளத்துக்காரருக்கு இன்றும் இருக்கிறது. ஆனால் மனு என்பதே மறைந்துவருகிறது. அதன் இடத்தில் கணினித் திரையில் கட்டம் கட்டமாக ஒரு படிவம் நிற்கிறது. அந்தக் கட்டத்தில் தமிழுக்கு இடம் வைத்திருந்தால்தான் சட்டத்துக்கு அர்த்தம். கடிதம் எழுதும் உரிமை இருக்கிறது, கடிதம்தான் இல்லை.

2002 நவம்பரில் மலப்புறத்தில் தொடங்கிய 'அக்ஷய' மையங்கள் இன்று கேரளத்தின் மூலைமுடுக்கெல்லாம் இருக்கின்றன. ரேஷன் அட்டை, வருமானச் சான்றிதழ், ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் அங்கேதான் போக வேண்டும். மொழிபெயர்ப்பு என் தொழில் என்பதால், படிவத்தைப் படித்துச் சொல்லுங்கள் என்று அழைத்துப்போக ஆள் வருவதுண்டு. அங்கே அடிக்கடி காணக் கிடைப்பது பெயர்ச் சண்டை.

முத்துலட்சுமி என்று ஒரு தோட்டத் தொழிலாளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் அவர் முத்துலட்சுமி. ரேஷன் அட்டையில் முத்துலக்ஷ்மி. ஆதாரில் முத்துலெட்சுமி. மூன்றையும் மூன்று எழுத்தர்கள் காதால் கேட்டு ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ எழுதியிருக்கிறார்கள். தமிழில் ஒரு 'க' இருக்கும் இடத்தில் மலையாளத்தில் நான்கு இருக்கின்றன. கணேசனும் கருப்பனும் எந்த 'க' என்பதைப் பெயருக்குரியவர் முடிவுசெய்வதில்லை, எழுதுபவர் முடிவுசெய்கிறார். இன்ஷியல் என்பது தமிழர்களுக்குத் தகப்பன் பெயர். 'கடைசிப் பெயர்' கேட்கும் கட்டத்துக்கு அது புரியாது. ஓர் எழுத்து மாறினால் வருங்கால வைப்புநிதி நின்றுபோகும். நாற்பது வருடம் கொழுந்து கிள்ளிய பணம் ஒரு மெய்யெழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும்.

கணினிக்குக் காது கிடையாது. எழுத்தை மட்டும்தான் ஒப்பிடும். ஆனால் அதற்குக் காது வைக்க முடியும். 1918-லேயே அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டு காப்புரிமை வாங்கினார். நெருங்கிய ஒலியுள்ள எழுத்துகளுக்கு ஒரே எண் கொடுப்பது அந்த முறை. ஸ்மித்தும் ஸ்மைத்தும் ஒரே குறியீட்டின் கீழ் வந்துவிடுவார்கள். 'சவுண்டெக்ஸ்' என்று பெயர். அமெரிக்க மக்கள்தொகைப் பதிவேடுகளில் பெயர் தேட இது பயன்பட்டது. இந்திய மொழிகளுக்கும் இதைச் செய்தவர் இருக்கிறார். 'சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்' என்ற தன்னார்வக் குழுவைச் சேர்ந்த சந்தோஷ் தோட்டிங்கல் எழுதிய நிரல், ஓர் இந்திய எழுத்தில் உள்ள சொல்லும் இன்னோர் இந்திய எழுத்தில் உள்ள சொல்லும் ஒலிப்பில் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுச் சொல்லும். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

இதை எழுதச் சொல்லி எந்த நிறுவனமும் டெண்டர் விடவில்லை. இது கண்டிப்பாக நடந்திருக்க வேண்டிய காரியமும் அல்ல. ஒருவருக்கு அரிப்பு எடுத்தது, எழுதினார். இந்த ரகத்து மனிதர்களைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தது.

நெர்ட் என்றால் யார்?

'நெர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கும்படி என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார்கள். 'புத்தகப்புழு' என்றால் அது நூலகத்தைத் தாண்டாது. 'படிப்ஸ்' என்று கல்லூரிகளில் சொல்வது மதிப்பெண்ணுக்குப் படிப்பவனை. 'மேதை' என்றால் மரியாதை கூடிவிடும். இரவு 2 மணிக்கு ஒரு எழுத்துருவின் கொம்பு சரியாக வளையவில்லை என்று தூங்காமல் உட்கார்ந்திருப்பவனுக்கு, காசு வராது, கல்யாணத்துக்கும் உதவாது என்று தெரிந்தும் விடாதவனுக்கு, என்ன பெயர்? கடைசியில் நான் 'பித்தர்' என்று எழுதிவிடுவேன். சிவபெருமானையே பித்தன் என்று ஏசிவிட்டுக் கும்பிட்ட மொழியில் இந்தச் சொல்லுக்குக் கேவலம் இல்லை.

தமிழ் கணினிக்குள் நுழைந்தது பித்தர்களால்தான். கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் 1980-களின் நடுவிலேயே 'முரசு' மென்பொருளை எழுதினார். ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆராய்ச்சியாளரான கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' என்ற எழுத்துருவை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கலன்று பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றும் 'மதுரைத் திட்டம்' தொடங்கியது. அதை முன்னின்று நடத்தியவரும் அவர்தான். சிங்கப்பூரில் இணையத் தமிழுக்கு வழி போட்ட நா. கோவிந்தசாமி ஒரு சிறுகதை எழுத்தாளர். இவர்களில் யாரும் மூணாறையோ கொழிஞ்சாம்பாறையையோ நினைத்துக்கொண்டு வேலை செய்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அங்கே ஒரு பிள்ளை இன்று கைபேசியில் 'அம்மா' என்று தமிழில் அடிக்கிறதென்றால், அந்தக் கூலியில்லா வேலைதான் காரணம்.

பித்தர்களைத் தெய்வமாக்க வேண்டாம். அவர்களுக்குள் சண்டை ஓயாது. 1990-களில் தமிழ்க் குறியீட்டு முறைகள் கட்சிகளைப்போலப் பெருகின. திஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு கொடி. ஒருவர் அனுப்பிய மின்னஞ்சல் அடுத்தவர் திரையில் கொம்பும் புள்ளியுமாகக் குப்பை கொட்டியதுபோல் வரும். யூனிகோடை அரசுத் தரமாக ஏற்றுக்கொள்ளத் தமிழ்நாட்டுக்கு 2010 ஜூன் கோவை செம்மொழி மாநாடுவரை ஆயிற்று. இந்த உலகத்தில் பெண்கள் குறைவு. ஆங்கிலம் தெரியாதவரைப் பார்த்து ஓர் இளக்காரமும் உண்டு. "கையேட்டைப் படி" என்பது அங்கே வழக்கமான பதில். கையேடு எந்த மொழியில் இருக்கிறது என்பது பல பேருக்குத் தோன்றாத கேள்வி.

இருந்தாலும் நெருக்கடி வந்தபோது அந்தக் குணம் எதற்கு உதவும் என்று கேரளம் பார்த்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் உதவி கேட்பவர்களையும் கொடுப்பவர்களையும் இணைக்க, மாநில ஐ.டி. மிஷனோடு சேர்ந்து தன்னார்வலர்கள் 'கேரளா ரெஸ்க்யூ' என்ற இணையதளத்தைச் சில நாட்களில் எழுப்பினார்கள். நிரல் திறந்தே கிடந்தது. எங்கெங்கோ உட்கார்ந்திருந்த இளைஞர்கள் திருத்தித் திருத்திச் சேர்த்தார்கள். மாடியில் சிக்கியவர்கள் இருக்கும் இடத்தைப் பதிந்தார்கள், படகு போயிற்று. ஆனால் அந்த ஏற்பாட்டுக்கு ஒரு சிக்னல் வேண்டும். இரண்டு வருடம் கழித்து பெட்டிமுடியில் அந்தச் சிக்னல் இல்லை. பித்தர்கள் எவ்வளவு திறமையாக நிரல் எழுதினாலும், கோபுரத்துக்கு டீசல் ஊற்ற யாராவது இருக்க வேண்டும். அது அரசும் நிறுவனங்களும் பார்க்க வேண்டிய வேலை.

தட்டச்சின் பேரப்பிள்ளை

ஐ.டி. வேலை என்பது வேறு சங்கதி. அதையும் பித்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம்.

இந்தக் குழப்பத்துக்குப் பாலக்காடு நல்ல பாடம். கல்பாத்தி போன்ற அக்கிரகாரங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் டெல்லிக்கும் ரயிலேறினார்கள். அன்றைய தொழில்நுட்பம் ரெமிங்டன் இயந்திரம். அவர்கள் பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தவை வேறு யாருடையவோ கடிதங்கள். மென்பொருள் வேலை அந்தத் தட்டச்சின் பேரப்பிள்ளை. அமெரிக்க வங்கியின் கணக்கையோ ஐரோப்பியக் காப்பீட்டுக் கம்பெனியின் படிவத்தையோ சரிபார்க்கும் நிரலைப் பிழையில்லாமல் எழுதிக் கொடுப்பது. இதில் இழிவு எதுவும் இல்லை. கடனை அடைத்த பணம் அது, தங்கைகளைக் கட்டிக்கொடுத்த பணம்.

தேயிலைத் தோட்டத்தில் அதன் மதிப்பு இன்னும் அதிகம். லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதனால்தான் பல வீடுகளில் ஒரு பிள்ளையாவது தோட்டத்தில் பேர் பதிந்துகொள்ளும்படி ஆயிற்று. பிள்ளைக்குக் கோயமுத்தூரிலோ கொச்சியிலோ ஐ.டி. வேலை கிடைத்தால் அந்தக் குடும்பம் முதல் தடவையாகச் சொந்தமாக ஒரு கூரையை நினைத்துப் பார்க்கிறது. இதைப் பார்த்து 'கணினிக் கூலி' என்று கிண்டல் செய்பவர்கள் அந்த லயத்தில் ஒரு மழைக்காலம் இருந்து பார்க்கட்டும்.

ஆனால் ஆயிரக்கணக்கில் தட்டச்சர்கள் உருவானதால் தமிழ்த் தட்டச்சு இயந்திரம் தானாக வந்துவிடவில்லை. அதைச் செய்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வேலை பார்த்த ரா. முத்தையா. 247 எழுத்துகளை ஐம்பதுக்கும் குறைவான விசைகளில் அடக்க, அழுத்தினாலும் உருளை நகராத 'நகரா விசை'யைக் கண்டுபிடித்தார். அதுபோலவே லட்சக்கணக்கில் தமிழ் மென்பொருள் பொறியாளர்கள் இருப்பதால் முத்துலட்சுமியின் பெயர்ச் சிக்கல் தானாகத் தீர்ந்துவிடாது. அது யாருடைய வேலை ஒப்பந்தத்திலும் இல்லை.

பாலக்காட்டில் இந்த இடைவெளியைக் கண்ணாலேயே பார்க்கலாம். வாளையாறு போகும் வழியில் கஞ்சிக்கோட்டில் ஐ.டி.ஐ. ஆலை 1976-லிருந்து தொலைபேசி எக்ஸ்சேஞ்சுக் கருவிகளைச் செய்து நாடெங்கும் அனுப்பியது. 2015-ல் வந்த பாலக்காடு ஐ.ஐ.டி. முதலில் குடியிருந்தது கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்திலேயே, கோழிப்பாறையில். சுற்றிலும் தமிழ் பேசும் ஊர்கள். உள்ளே உலகத் தரத்தில் கணினி ஆராய்ச்சி, வெளியே படிவத்தைப் படித்துச் சொல்ல ஆள் தேடும் விவசாயி. இருவருக்கும் நடுவே ஒரு சுற்றுச்சுவர்தான்.

1998 வாக்கில் ஐஸ்லாந்து ஒரு புகார் கிளப்பியது. விண்டோஸ் எங்கள் மொழியில் இல்லை, இதனால் எங்கள் பிள்ளைகள் தாய்மொழியை விட்டுவிடுவார்கள் என்றது. முதலில் சந்தை சிறிது என்று தயங்கிய மைக்ரோசாஃப்ட் 1999-ல் இறங்கிவந்தது. அன்று ஐஸ்லாந்தின் மக்கள்தொகை 3 லட்சத்துக்கும் கீழே. கேரளத் தமிழர்கள் அதைவிட அதிகம். ஆனால் ஐஸ்லாந்துக்கு ஒரு அரசு இருந்தது, பேச. கேரளத் தமிழருக்கு இரண்டு அரசுகள். ஒன்றுக்கு மொழி வேறு, மற்றொன்றுக்கு எல்லை வேறு.

'கே' விசையில் என்ன எழுத்து?

இந்த நிலையில் நம்பிக்கை தருவது கேரளத்தின் பள்ளிக்கூடம்தான். இதைத் தமிழ்நாட்டுக்காரர்கள் கொஞ்சம் பொறாமையோடு படிக்கலாம். 2001 ஜூலையில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தலைவர் ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கு வந்தார். அதே காலத்தில் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் பிறகு விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு மாறியது. 2005-லிருந்து பத்தாம் வகுப்பில் தகவல் தொழில்நுட்பம் தேர்வுப் பாடம். 2017-ல் அந்தத் திட்டம் 'கைட்' என்ற அரசு நிறுவனமாயிற்று. 2018-ல் உயர்நிலைப் பள்ளிகளில் 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் குழுக்கள் வந்தன. பாடநூல் மலையாளம், ஆங்கிலத்தோடு தமிழிலும் கன்னடத்திலும் அச்சாகிறது. 2020 ஊரடங்கில் தொலைக்காட்சிப் பாடங்கள் தொடங்கியபோது தமிழ்வழி மாணவர்களுக்கும் தனியாகப் பாடங்கள் தயாரானார்கள் ஆசிரியர்கள். சிக்னலைத் தேடி ராஜமலைப் பக்கம் சாலையோரத்தில் பிள்ளைகள் உட்கார்ந்து படித்த செய்தியும் அடுத்த வருடம் வந்தது. இரண்டும் உண்மை.

'ஃப்ரீ சாஃப்ட்வேர்' என்பதை மலையாளிகள் 'சுவதந்திர' என்ற சொல்லால் குறித்தார்கள். அதில் ஓர் அரசியல் வாடை உண்டு. நாம் நெடுநாள் 'இலவச மென்பொருள்' என்று எழுதிக்கொண்டிருந்தோம். தமிழ்க் காதுக்கு இலவசம் என்றால் மிக்ஸியும் கிரைண்டரும்தான். 'கட்டற்ற' என்ற சொல் பிறகுதான் நிலைத்தது. வேண்டியபடி பிரித்து, மாற்றி, தன் மொழியில் திருப்பி, அடுத்தவருக்கும் கொடுக்கலாம் என்பது அதன் பொருள். 5 லட்சம் பேர் கொண்ட சிறுபான்மைக்கு இந்த அனுமதி பணத்தைவிடப் பெரியது. எந்தக் கம்பெனியின் தயவும் இல்லாமல் காரியத்தைத் தொடங்கலாம்.

தொடங்கும்போது சிறு சிக்கல்கள் வரும். ஒன்று சொல்கிறேன். கேரளப் பள்ளிகளில் மலையாளத்துக்கு 'இன்ஸ்கிரிப்ட்' விசைமுறை. அது இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொது. மலையாளமானாலும் இந்தியானாலும் தமிழானாலும் ஆங்கில 'கே' உள்ள விசையில் 'க'தான். தமிழ்நாடு 1999-ல் ஏற்றுக்கொண்டது 'தமிழ்99'. அதில் 'கே' விசையில் 'ம' இருக்கிறது; 'க' வேண்டுமானால் 'எச்' விசைக்குப் போக வேண்டும். இன்ஸ்கிரிப்டில் அதே 'எச்' விசை 'ப' கொடுக்கும். தமிழ்99-ல் ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் புள்ளி தானாக விழும். இன்ஸ்கிரிப்டில் நாமே வைக்க வேண்டும். மலையாளம் அடித்துப் பழகிய மூணாறுப் பிள்ளை மேல்படிப்புக்குத் தேனிக்குப் போனால் விரல்கள் தடுமாறும். இரண்டில் எது சிறந்தது என்று பித்தர்கள் விடிய விடிய வாதிடலாம். எல்லையில் வாழும் பிள்ளைக்கு இரண்டும் தெரிந்தால் நல்லது. இரண்டு மொழியும் கணினியும் தெரிந்த ஒரு தலைமுறை வேறு எங்கே உருவாகும்?

லிட்டில் கைட்ஸில் மலையாளக் கணினியியல் ஒரு பயிற்சித் துறை. தமிழ்வழிப் பள்ளிகளில் தமிழுக்கு அதே இடத்தைக் கொடுத்து, உள்ளூர் வேலை ஒன்றைக் கையில் தரலாம். ஊர்ப் பெயர்களையும் ஆட்பெயர்களையும் மூன்று எழுத்துகளிலும் எழுதி ஒரு பட்டியல் செய்யச் சொல்லலாம். முத்துலட்சுமியும் முத்துலெட்சுமியும் ஒருவர்தான் என்று கணினிக்குக் கற்றுக்கொடுக்கும் பட்டியல் அது. பாட்டியின் வைப்புநிதி எங்கே மாட்டிக்கொண்டது என்று பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இந்த வேலையின் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மழையையும் அளக்கச் சொல்லலாம். கோட்டயம் மாவட்டத்தில் மீனச்சில் ஆற்றின் மேல்பகுதிகளில் பள்ளிப் பிள்ளைகள் மழைமானி வைத்து அளந்து தகவல் பரிமாறுகிறார்கள். வயநாட்டில் கல்பற்றாவின் ஹ்யூம் மையம், பல இடங்களில் உள்ளூர் மக்கள் அளந்து அனுப்பும் மழைக் கணக்கை வைத்துக்கொண்டு, 2024 ஜூலை 30 முண்டக்கை நிலச்சரிவுக்கு முன்பே அதிகாரிகளை எச்சரித்திருந்தது என்று செய்திகள் வந்தன. மழைமானி என்பது ஒரு புனலும் ஒரு அளவுகோலும்தான். அதற்குப் பின்னால் தேவைப்படுவது, தினமும் காலையில் போய்ப் பார்த்துக் குறித்து வைக்கும் ஒரு பித்து. அந்தக் கணக்கு அபாய அளவைத் தாண்டும்போது லயத்தில் இருப்பவருக்குப் புரியும் தமிழில், கோபுரத்தை நம்பாத ஏதாவது ஒரு வழியில், ஒலிபெருக்கியிலோ சைரனிலோ சொல்ல வேண்டும்.

இதற்குக் கோடிகள் வேண்டாம். கேபிள் ஏற்கனவே மலையேறிவிட்டது. 2023 ஜூனில் மாநில அரசு தன் சொந்த இழை வலையமைப்பான 'கே-ஃபோன்' திட்டத்தையும் தொடங்கிவிட்டது. இனி அதன் வழியே என்ன போகும், யாருடைய மொழியில் போகும் என்பதுதான் மிச்சம். ஐ.டி. வேலை கிடைத்து மலையிறங்கும் பிள்ளைகள் சந்தோஷமாக இறங்கட்டும். அவர்களில் ஒருவர் வார இறுதியில், யாரும் கேட்காமல், காசு வாங்காமல், தன் பாட்டியின் பெயரைக் கணினி சரியாகப் படிக்கிறதா என்று பார்க்க உட்காருவார். அக்கம்பக்கத்தார் அவரைப் பார்த்து, பிள்ளைக்கு என்னமோ ஆகிவிட்டது என்பார்கள். ஆகட்டும்.